டாடா நானோ: அப்பளக் கூடையும் அத்தையும் ஏறும் கார்

பழைய நானோ ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று இப்போதும் யாராவது என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். கும்பகோணத்தில் இந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் என்னைக் கண்டால் விடுவதில்லை. நடுத்தெருவில் நின்று விளக்க நேரம் இல்லாததால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என்னுடையது 2012 மாடல், எல்எக்ஸ். ஏசி உண்டு, பவர் ஸ்டீயரிங் கிடையாது. புதிதாக வாங்கியது, ஓடோமீட்டர் 90,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. நான் வீட்டிலேயே ஊறுகாய், வடகம், அப்பளம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். கும்பகோணத்துக்குள்ளும், தாராசுரம், சுவாமிமலை, திருவிடைமருதூர், வலங்கைமான் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலும் சரக்கு போட வேண்டும். வீட்டில் மூட்டு வலியோடு என் மாமியார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஆகவே இந்த மதிப்பீடு அப்பளக்காரி ஒருத்தியின் மதிப்பீடு. ஊட்டிக்குப் போய் வந்த அனுபவத்தை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். பின்னால் கதவு மாதிரி தெரிவது கதவு இல்லை. பழைய நானோவின் பின்பக்கம் திறக்காது. அங்கே கதவு வைத்தால் அதற்கான பலப்படுத்தலும் கீலும் பூட்டும் விலையை ஏற்றிவிடும். அதனால் மூடியே வைத்துவிட்டார்கள். 2015 மே மாதம் வந்த ஜென்எக்ஸ் நானோவில்தான் அது திறக்க ஆரம்பித்தது. என் வண்டியில் சரக்கு ஏற்ற வேண்டுமானால் பின் சீட்டின் முதுகை முன்னால் மடித்து, பக்கக் கதவு வழியாகக் கூடையைச் சாய்த்து நுழைக்க வேண்டும். ஊறுகாய் டின் கனமானது. அதை இடுப்பளவு தூக்கித் திருப்பி உள்ளே தள்ளும் வித்தை எனக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது, என் கணவருக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் சீட்டை மடித்துவிட்டால் உள்ளே கிடைக்கும் இடம் வெளியிலிருந்து பார்ப்பவர் நம்ப மாட்டார். கூரை உயரம். வண்டியின் உயரமே 1,652 மில்லிமீட்டர். அப்பளக் கூடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். அப்பளத்துக்கு இடம்தான் தேவை, எடை ஒன்றும் இல்லையே.

அந்தச் சரக்குத் தளத்துக்கு அடியில்தான் இன்ஜின் இருக்கிறது. 624 சிசி, இரண்டு சிலிண்டர், பின் சக்கரங்களை ஓட்டுவது. நீண்ட நேரம் ஓட்டினால் தளம் வெதுவெதுப்பாகும். பூ வியாபாரம் செய்பவர் இந்த வண்டியை வாங்கவே கூடாது. எனக்கோ அது வரமாகப் போயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் காவிரிக் கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும். எவ்வளவு காய வைத்தாலும் அப்பளம் நமுத்துப்போகும். நானோவின் பின்பக்கத்தில் போய்ச் சேரும் அப்பளம் கடையில் இறங்கும்போதும் மொடமொடவென்று இருக்கிறது. ஒரு கடைக்காரர் என்ன பக்குவம் என்று விசாரித்தார். இன்ஜின் பக்குவம் என்று சொல்லாமல் சிரித்துவைத்தேன்.

மாகாளிக்கிழங்கு ஊறுகாய் மட்டும் வேறு கதை. டிக்கி என்று தனியாக எதுவும் இல்லாததால் சரக்கின் வாசனை முழுவதும் மனிதர்களோடுதான் பயணம் செய்யும். மாகாளியின் வாசனை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்கள் மூட்டைப்பூச்சியை நசுக்கிப் பார்க்கலாம். தை மாதத்தில் கிழங்கு வாங்கி வந்தால் பங்குனி வரை உறவினர் யாரும் இந்த வண்டியில் ஏறுவதில்லை.

தெருவுக்கு வருகிறேன். நானோவின் பெருமை முழுவதும் அங்கேதான். நீளம் 3.1 மீட்டர், திரும்பும் ஆரம் 4 மீட்டர். இந்த எண்களைக் காகிதத்தில் படித்தால் ஒன்றும் தோன்றாது. சாரங்கபாணி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒரு பக்கம் இருசக்கர வண்டிகள், மறுபக்கம் தள்ளுவண்டி, நடுவில் ஒரு மாடு நிற்கும்போது படித்தால் புரியும். பெரிய கடைத்தெருவில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டுமென்றால் பெரிய கார்க்காரர்கள் முன்னும் பின்னும் நாலைந்து முறை எடுப்பார்கள். நான் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரே வீச்சில் திரும்பிவிடுவேன். பவர் ஸ்டீயரிங் இல்லையே, கனமாக இருக்காதா என்று கேட்பார்கள். இன்ஜின் பின்னால் இருப்பதால் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைவு. வண்டி நகர ஆரம்பித்தால் போதும், கை வலிக்காது. நின்ற இடத்திலேயே ஒடிக்கப் பார்த்தால்தான் வலிக்கும். தோள்பட்டைத் தொந்தரவு உள்ளவர்கள் 2014-ல் வந்த நானோ ட்விஸ்ட் வகையைப் பார்க்கலாம். அதில் பவர் ஸ்டீயரிங் வந்துவிட்டது.

பாரம் பின்னால் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு மன்னார்குடிப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு அரிசி, மெழுகுவத்தி, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். பிரதான சாலையில் மரம் கிடந்ததால் வாய்க்கால் ஓரத்து மண்பாதையில் இறங்க வேண்டியதாயிற்று. களிமண். முன்னால் போன பெரிய கார் ஒன்று சக்கரம் சுழன்று நின்றுவிட்டது. எங்கள் வண்டியில் இன்ஜினும் சரக்கும் தள்ளுகிற சக்கரத்தின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்ததால் இரண்டாம் கியரில் மெல்ல ஊர்ந்து தாண்டிவிட்டது. தரைக்கும் வண்டிக்கும் நடுவே 180 மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததும் உதவியது.

அடுத்தது அத்தை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தாழ்வான கார்களில் அவரை உட்கார வைப்பது ஒரு வேலை, எழுப்புவது ஒன்பது வேலை. நானோவின் சீட் உயரமாக இருக்கிறது, கதவு அகலமாகத் திறக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே எடுத்துக்கொண்டால் முடிந்தது. மருத்துவமனை வாசலில் யாரையும் கைகொடுக்கக் கூப்பிட வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வண்டியை நான் விற்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் வடிவமைத்தவர்கள் ஒரு சதி செய்துவிட்டார்கள். வேகம் காட்டும் கருவியை ஓட்டுபவருக்கு நேரே வைக்காமல் டேஷ்போர்டின் நடுவில் வைத்தார்கள். எல்லாருக்கும் தெரிகிறது. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கும் தெரிகிறது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. "அறுபதுக்கு மேல் போகிறாய் அம்மா" என்று பாபநாசம் வரை அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்.

பெட்ரோல் விஷயம். டேங்க் 15 லிட்டர்தான். மூடி வண்டியின் பக்கத்திலும் இல்லை, பின்னாலும் இல்லை. முன் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கிறது, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில். பங்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அக்கா, எங்கே ஊற்றுவது?" என்பான். மழைக்காலத்தில் இறங்கிப் பானெட்டைத் தூக்கிப் பிடித்து நனைய வேண்டும், வேறு வழியில்லை. நிரப்பினால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். ஊருக்குள் ஏசி போட்டு, நின்று நின்று போனால் லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர். ஏசி இல்லாமல் இருபதைத் தாண்டும். திருவாரூர் சாலையில் ஐம்பது, அறுபதில் அலுங்காமல் போனால் 22, 23 வரை பார்த்திருக்கிறேன். என் மாடலுக்கு நிறுவனம் சொன்னது 25.4. எந்த நிறுவனம் சொல்வதும் கடைத்தெருவில் கிடைப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் அது எதிர்பார்த்ததுதான்.

நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இந்த வண்டியைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. வட்டத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. சென்னை 290 கிலோமீட்டர். 15 லிட்டரில் அதுவே இழுபறிக் கணக்கு. நடுவில் பெட்ரோலுக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். எழுபதுக்கு மேல் போனால் இரண்டு சிலிண்டரின் உறுமல் முதுகுக்குப் பின்னாலிருந்து விடாமல் வரும், பேசுவது கேட்காது. கியர் நான்குதான். 105 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் அந்த வேகத்தை எட்டிப் பார்க்கும் ஆசையே எனக்கு வந்ததில்லை. நான்கு பேர், ஏசி, மேம்பாலம் மூன்றும் சேர்ந்தால் கியரைக் குறைத்தாக வேண்டும். உயரமும் ஒடிசலுமான உடம்பு என்பதால் விக்கிரவாண்டி சாலையில் விரைவு பஸ் ஒன்று உரசிக்கொண்டு முந்தும்போது தொட்டிலை ஆட்டிவிட்ட மாதிரி வண்டி ஒருமுறை அசையும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். தண்ணீரில் இறங்கி ஏறினால் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

வசதியை விட முக்கியமானது பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதிச் சோதித்து முடிவை வெளியிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து கார்களுக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதில் நானோவும் ஒன்று. நானோவுக்குக் கடைசி வரை ஏர்பேக் வரவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்றே நாங்கள் முடிவு செய்துவிட்டோம்: நாலுவழிச் சாலைக்கு ரயிலோ பஸ்ஸோ, ஊருக்கு நானோ. சீட் பெல்ட் அத்தைக்கும் உண்டு. முணுமுணுப்பார், போட்டுக்கொள்வார். பழைய நானோவை மலிவாக வாங்கி அதில் நான்கு பேராகத் திருப்பதி போகலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற பேச்சையும் முடித்துவிடுகிறேன். 2008 ஜனவரியில் டில்லி ஆட்டோ எக்ஸ்போவில் ரத்தன் டாடா இதைக் காட்டியபோது அடிப்படை மாடலுக்குச் சொன்ன விலை அது. ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்று அவர் சொல்லியிருக்கிறார். நாங்களும் அந்த வகைதான்; முன்பு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை, அதற்கும் பின்னால் நான். எனக்கு வண்டி ஒரு லட்சத்துக்கு வரவில்லை. ஏசியும் பவர் விண்டோவும் உள்ள எல்எக்ஸ், வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்தை ஒட்டி வந்தது. அப்போதும் என் கொழுந்தன் "ஒரு லட்சத்துக் கார் வாங்கினீர்களாமே, அண்ணி" என்றுதான் ஊரெல்லாம் சொன்னார். மலிவு என்று பெயரெடுத்த பொருளை இரண்டரை லட்சம் கொடுத்து வாங்கியவளின் சங்கடம் அவருக்குப் புரியவில்லை. இப்போது அவருடைய பெரிய கார் தெருவுக்குள் வராமல் முனையில் நிற்கிறது. அங்கிருந்து சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவர என் வண்டிதான் போகிறது.

சிக்கனத்துக்காக எதையெல்லாம் குறைத்தார்கள் என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. சக்கரத்துக்கு மூன்றே நட்டு. வைப்பர் ஒன்று. இரண்டு சிலிண்டர் என்பதால் ஸ்பார்க் பிளக்கும் இரண்டுதான். இதன் பலன் பராமரிப்பில் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் மாற்றியவை கிளட்ச் பிளேட், கிளட்ச் கேபிள், பிரேக் ஷூக்கள், பேட்டரி, டயர்கள், ஏசி கேஸ். எல்லாம் தேய்மானக் கணக்கு. சராசரியாக வருஷத்துக்கு ஏழெட்டாயிரம் ரூபாய் ஆகிறது.

ஆனால் இன்ஜின் பின்னால் இருப்பதால் வேலைக்குக் கை வைக்கத் தயங்குபவர்கள் உண்டு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த பார்வையிலேயே "இந்த வண்டி எடுப்பதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில் எடுத்தார்கள், சீட்டை மடித்து மூடியைக் கழற்றியதற்கே தனிக் கூலி போட்டார்கள். கடைசியில் அமைந்தவர் எங்கள் தெருமுனையில் ஆட்டோக்களைப் பழுது பார்க்கும் தம்பி. இரண்டு சிலிண்டர் அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் வார்த்தை, "அக்கா, அப்பளத்தை இறக்குங்கள், அப்புறம் இன்ஜினைப் பார்க்கலாம்." தளத்து விரிப்பைச் சுருட்டி, மூடியின் திருகுகளைக் கழற்றி, பின் சீட்டில் மண்டியிட்டுக் குனிந்து வேலை செய்வார். மூடியைத் திரும்பப் போடும்போது ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நானே விரலால் தடவிப் பார்ப்பேன். இல்லையென்றால் சத்தமும் சூடும் பெட்ரோல் வாடையும் உள்ளே வந்துவிடும்.

டயர்தான் உண்மையான தலைவலி. முன் சக்கரம் 135/70 ஆர்12, பின் சக்கரம் 155/65 ஆர்12. முன்னால் ஒல்லி, பின்னால் தடிமன். மற்ற கார்களில் செய்வதுபோல் முன்னதைப் பின்னுக்கு மாற்றித் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. இந்த அளவு டயரைக் கேட்டால் கடைக்காரர் திருச்சியில் சொல்லிவிடுகிறேன் என்பார். எனவே நூல் தெரியும் வரை காத்திராமல் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. 2018-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. ஓட்டத்துக்கு வேண்டிய உதிரிகள் கிடைக்கின்றன, விளக்கு, பம்பர், கண்ணாடி என்று வெளிச் சாமான்களுக்கு அலைய வேண்டும். பால் வேன் ஒன்று இடித்துப் போன பின் விளக்கைத் திருச்சியில் பழைய உதிரிக் கடையில் தேடிப் பிடித்தோம்.

அறுவடை முடிந்த கையோடு வயல் எலி ஊருக்குள் வரும். இன்ஜினின் வெதுவெதுப்பும் மேலே அப்பள வாசனையும் சேர்ந்தால் விடுமா? ஒரு தையில் வயரைக் கடித்து வைத்துவிட்டது. அதிலிருந்து இரவில் வண்டிக்குள் சரக்கு வைப்பதில்லை; இன்ஜின் பக்கம் துணியில் புகையிலை கட்டித் தொங்கவிடுகிறோம். எலிக்கு அது பிடிக்கவில்லை. அத்தைக்கும்தான்.

காப்பீட்டில் கவலை இல்லை. 1000 சிசிக்கு உட்பட்ட சொந்த உபயோகக் காருக்கு 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய், வரி தனி. வண்டியின் மதிப்பே குறைந்துவிட்டதால் நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். 2027-ல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஆர்சியைப் புதுப்பிக்க 5,000 ரூபாய்க் கட்டணம், அதோடு எஃப்சி என்ற தகுதிச் சான்று, அதற்காக அடிப்பாகத் துரு வேலை, பெயின்ட். விற்றால் கிடைக்கக்கூடிய பணத்தில் பாதி அதற்கே போகும் என்று என் கணவர் கணக்குக் காட்டுகிறார். இப்போதைய புதுச் சிறிய கார் எதுவும் இந்த விலையில் வராது, எதிலும் அத்தை இப்படி ஏற மாட்டார் என்பது என் கணக்கு. புதுப்பிக்கத்தான் போகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் முடிந்தால் 2015-க்குப் பிந்தைய ஜென்எக்ஸைத் தேடுங்கள். பின்கதவு திறக்கும், பவர் ஸ்டீயரிங் கிடைக்கும், டேங்க் 24 லிட்டர். எதைப் பார்த்தாலும் முன் சீட்டுக்கு அடியில் பேட்டரி இருக்கும் இடத்தைத் தூக்கிப் பாருங்கள், அங்கேதான் துரு முதலில் பிடிக்கும். டயரில் பொறித்திருக்கும் தயாரிப்பு வருஷத்தைப் படியுங்கள். வேறு அளவு டயர் மாட்டியிருந்தால் விலையில் கழியுங்கள். இன்ஜின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருகு ஒன்றிரண்டு குறைந்திருந்தால் அவசரக் கை எதுவோ பட்டிருக்கிறது. பிறகு மூன்று பேரை ஏற்றி, ஏசியை முழுவதும் வைத்து, போக்குவரத்து இல்லாத ஏதாவது ஒரு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏற்றி, பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் வாடை வந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடலாம்.